கால் வளரும், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் மகன் ஆசைப்பட்டான் என்று சென்னையிலிருந்து இரண்டு ஆக்சலாட்டல் குட்டி (பல்லி மாதிரி நான்கு காலோடு, செவுளோடு தண்ணீருக்குள்ளேயே வாழும் பிராணி, தவளைக்குத் தூரத்துச் சொந்தம்) வாங்கி வந்தோம். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. கறுப்பு கொஞ்சம் பெரியது. இரண்டடித் தொட்டியில் ஒன்றாகத்தான் விட்டிருந்தோம். மூன்று நாளைக்கு முன் காலையில் பார்த்தால் வெள்ளைக்கு முன்னங்கால் ஒன்று முழங்கையோடு காணவில்லை. ஒரு பக்கச் செவுளும் பிய்ந்திருக்கிறது. கடைக்காரரைக் கேட்டதற்கு நீல மருந்தை ஊற்றி, ஒரு கைப்பிடி கல் உப்பும் போடுங்கள் என்றார். மாமியார் மஞ்சள் வைக்கலாம் என்கிறார். மகனோ, "அதுக்குக் கால் தானா வளரும்மா, சும்மா விடுங்க" என்கிறான். தொட்டியில் கலர் கல் போட்டிருக்கிறோம். கூடவே ஒரு சக்கர் மீனும் இருக்கிறது. தண்ணீர் 29 டிகிரி காட்டுகிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. கால் வளரும். ஆனால் சும்மா விட்டால் வளராது. கடிதத்தில் கால் போன செய்தியைவிட என்னைத் திடுக்கிட வைத்தது, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 29 டிகிரிதான். ஒரு கால் இல்லாமல் ஆக்சலாட்டல் நன்றாகவே காலம் தள்ளும். 29 டிகிரித் தண்ணீரில் நான்கு காலும் இருந்தாலும் அதிக நாள் தாங்காது. அதனால் காயத்துக்கு என்ன மருந்து என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம்.

இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது, வெள்ளையைத் தனியாகப் பிரிப்பது. பத்து லிட்டர் பிடிக்கிற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டு வாங்குங்கள். வீட்டில் துணி ஊறவைத்த பேசின் வேண்டாம், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சோப்பு மிச்சமிருக்கும். ஆக்சலாட்டலின் தோல் தண்ணீரில் உள்ளதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிற தோல். நமக்குக் கையில் பட்டால் ஒன்றும் ஆகாத அளவு சோப்பு அதற்கு விஷம். மூடியில் காற்றுக்குத் துளைகள் போடுங்கள். மூடாமல் விட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும். டப்பாவுக்குள் கல், மணல், செடி, ஃபில்டர் எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி பைப் துண்டு போதும், வெட்டிய விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அதற்குக் கண் இமை கிடையாது, வெளிச்சம் பட்டால் மூடிக்கொள்ள வழியில்லை. அதனால் டப்பா மேல் ஒரு துணியைப் போட்டு வைப்பது நல்லது.

பிடிக்கும்போது வலை வேண்டாம். வலைக் கண்ணில் விரலும் செவுள் இழையும் மாட்டிக்கொள்ளும், இருக்கிற காயத்தோடு இன்னொன்றும் சேரும். தொட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவைச் சாய்த்து வைத்து, மெதுவாக அதற்குள் நகர்த்தி, தண்ணீரோடு தூக்குங்கள். கையால் தொட்டே ஆக வேண்டுமென்றால் வெறும் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவி, ஈரக் கையோடு தொடுங்கள். சானிடைசர் போட்ட கை கூடவே கூடாது.

அடுத்தது, எந்தத் தண்ணீர் என்பது. நிறைய பேர் இங்கேதான் நல்லது செய்வதாக நினைத்துத் தப்பு செய்கிறார்கள். சுத்தமான தண்ணீர் என்று ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுகிறார்கள். அதில் உப்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. ஆக்சலாட்டல் கொஞ்சம் கடினமான தண்ணீருக்குப் பழகிய பிராணி. உப்பில்லாத தண்ணீரில் போட்டால் அதன் உடம்பு தன் உப்பைக் காப்பாற்றிக்கொள்ளவே பாடுபட வேண்டியிருக்கும். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரோ, அளவான கடினம் உள்ள போர் தண்ணீரோ போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும், சோடியம் தயோசல்பேட். சோற்றுக்கற்றாழைச் சாறு கலந்த பாட்டில்களும் இருக்கின்றன, மீன் தோலுக்கு நல்லது என்று எழுதியிருப்பார்கள், அது இதற்கு வேண்டாம். அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் எந்த நாளில் போடுகிறார்கள் என்று காவலாளியிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்குப் பிடித்த தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள்.

டப்பாவில் ஃபில்டர் இல்லாததால் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றியாக வேண்டும். பாதியல்ல, முழுதும். அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஒரு நாளிலேயே செவுளைப் பதம் பார்க்கும் அளவுக்குச் சேரும், தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். இரண்டு டப்பா வாங்கச் சொன்னது இதற்குத்தான். நாளைக்கான தண்ணீரை இன்றைக்கே இரண்டாவது டப்பாவில் பிடித்து, முதல் டப்பாவின் பக்கத்திலேயே குளிரில் வைத்துவிடுங்கள். மாற்றும் நேரத்தில் இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும். விலங்கைத் தூக்கி அதில் விட்டுவிட்டு, பழைய டப்பாவைக் கழுவிக் காயவைத்தால் வேலை முடிந்தது.

இப்போது அந்த 29 டிகிரி. ஆக்சலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்துப் பள்ளத்தாக்கின் ஏரிகள். அங்கே சோச்சிமில்கோ கால்வாய்களில் மட்டும்தான் இன்று அது காட்டுயிராக மிச்சமிருக்கிறது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஊட்டியும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆக, ஊட்டி ஏரியில் இருக்க வேண்டிய ஒரு பிராணியைத் திருச்சி வெயிலில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு 16 முதல் 18 டிகிரி சௌகரியம், 20 வரை பரவாயில்லை. 24-ஐத் தாண்டினால் உடம்பு தளர ஆரம்பிக்கும். சாப்பாடு குறையும், நோய் எதிர்ப்பு குறையும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது கொண்டாட்டமான நேரம். அதே அளவு அம்மோனியாகூட சூடான தண்ணீரில் அதிக விஷம்.

குளிர வைக்க உடனடி வழி, மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைக்கும் தெர்மோகோல் பெட்டி. இரண்டு டப்பாவும் உள்ளே அடங்குகிற அளவுக்கு ஒன்று வாங்குங்கள். டப்பாக்களைச் சுற்றியுள்ள இடத்தில், ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைச் செருகுங்கள். பாட்டில் விலங்கு இருக்கும் தண்ணீருக்குள் போகக் கூடாது, பத்து லிட்டரில் ஒரு ஐஸ் பாட்டில் போட்டால் வெப்பம் சடாரென்று விழும், பிறகு அதே வேகத்தில் ஏறும். வெளியே வைத்தால் மெல்ல இறங்கும். பெட்டி மூடியை முழுக்க அடைக்காமல் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். 29-லிருந்து ஒரேயடியாக 18-க்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி என்ற கணக்கில், மாலைக்குள் 20-க்கு வந்தால் போதும், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் டப்பாவுக்குள் கிடக்கட்டும். இரவு படுக்கும் முன் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை பாட்டில் மாற்றினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வீட்டில் ஏசி அறை இருந்தால் பெட்டியை அங்கே வையுங்கள், வேலை பாதியாகக் குறையும்.

டப்பாவை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வெளிநாட்டில் வளர்ப்பவர்களிடம் அந்தப் பழக்கம் உண்டு, மலச்சிக்கல், பூஞ்சை போன்றவற்றுக்குச் சில நாள் அப்படி வைப்பார்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு அதில் சம்மதமில்லை. ஐந்தாறு டிகிரியில் உடம்பின் எல்லா வேலையும் மந்தமாகும், காயம் ஆறுகிற வேலையும் சேர்த்துத்தான். அதோடு 29-லிருந்து நேராக ஐந்துக்குப் போனால் அந்த அதிர்ச்சியே போதும் ஆளை முடிக்க. நேர்மாறாக, கொஞ்சம் சூடாக இருந்தால் கால் சீக்கிரம் வளருமே என்றும் சிலர் கணக்குப் போடுவார்கள். வேகம் கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் பூஞ்சை இன்னும் வேகமாக வளரும், பந்தயத்தில் அதுதான் ஜெயிக்கும்.

சரி, காயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்று நாள் ஆகிவிட்டது, ரத்தம் நின்றிருக்கும். அப்படியென்றால் பெரிய ஆபத்துக் கட்டம் கடந்துவிட்டது. கடிபட்ட சில மணி நேரத்திலேயே ஓரத்துத் தோல் செல்கள் நகர்ந்து வந்து வெட்டுவாயை மூட ஆரம்பித்திருக்கும். நமக்கு மாதிரி பொருக்குத் தட்டாது, தழும்பும் விழாது. அந்த மெல்லிய தோலுக்கு அடியில், தசை, குருத்தெலும்பு, தோலின் உள்ளடுக்கு இவற்றைச் சேர்ந்த செல்கள் கூடி ஒரு சிறு மொட்டாகத் திரளும். பிளாஸ்டிமா என்போம். அறுந்த நரம்பு வளர்ந்து அங்கே வந்து சேர்ந்தால்தான் மொட்டு பெரிதாகும், நரம்பு வராவிட்டால் அப்படியே நின்றுவிடும். இன்னொன்றும் வேண்டும். உடம்பில் கிருமிகளையும் செத்த திசுவையும் விழுங்கும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, மேக்ரோஃபேஜ். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், காலை வெட்டும் நேரத்தில் ஆக்சலாட்டலின் மேக்ரோஃபேஜ்களை நீக்கிப் பார்த்தார்கள். கால் வளரவில்லை. நமக்கு விழுவதைப் போலத் தழும்புதான் விழுந்தது. கால் தானாக வளரும் என்று உங்கள் மகன் சொல்வதில் விட்டுப்போன மறுபாதி இதுதான். வளர்க்கிற வேலையைச் செய்ய நல்ல நிலையில் ஓர் உடம்பு வேண்டும். சூட்டிலும் அழுக்குத் தண்ணீரிலும் கிடக்கிற உடம்பு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கும்.

இனி வரும் வாரங்களில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பயப்படுவீர்கள். இப்போது வெட்டுவாய் வெளிறி, வழவழப்பாக, கொஞ்சம் ஊடுருவித் தெரிகிற மாதிரி இருக்கும். அது நல்ல அறிகுறி. ஓரிரு வாரத்தில் நுனியில் கூம்பாக ஒரு சிறு புடைப்பு வரும். பிறகு அது தட்டையாகித் துடுப்பு வடிவத்துக்கு மாறும், அதன் விளிம்பில் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். முன்னங்காலுக்கு நான்கு விரல், பின்னங்காலுக்கு ஐந்து. குட்டிக்கு ஒன்றரை இரண்டு மாதத்தில் கால் என்று சொல்கிற மாதிரி ஒன்று வந்துவிடும். ஆனால் மற்ற காலைவிடக் குச்சியாக இருக்கும், பருமன் வர இன்னும் நாளாகும். வளர்ந்த பிராணிக்கு இதைவிட அதிகம் பிடிக்கும். கடித்துக் கிழித்த காயம் என்பதால் விரல் ஒன்று கூடவோ குறையவோ வரலாம், கால் லேசாக வளைந்தும் வரலாம். நடக்க, சாப்பிட அது இடைஞ்சல் இல்லை. செவுள் இழைகள் அதற்கு முன்பே துளிர்த்துவிடும்.

இந்தத் திறமைக்கும் ஓர் அளவு உண்டு. அதே கால் திரும்பத் திரும்ப அறுபட்டால், ஒவ்வொரு முறையும் வளர்ச்சி மோசமாகி, ஒரு கட்டத்தில் குட்டைக் கட்டையோடு நின்றுவிடும். மறுபடி ஒன்றாக விட்டுப் பார்ப்போம் என்ற யோசனை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த மூன்று மருந்துகள். உங்கள் மாமியார் சொன்ன மஞ்சள் நமக்கு நல்லதுதான், தண்ணீருக்குள் வாழ்கிற பிராணிக்கு அல்ல. மஞ்சள் தூள் தண்ணீரில் கரையாது, துகளாக மிதந்து செவுள் இழைகளில் போய் ஒட்டும். காயத்தில் அப்பினால், அதை மூடியிருக்கும் மெல்லிய தோலைத் தேய்த்துப் பெயர்ப்பதுதான் நடக்கும். அதே காரணத்துக்காக பெட்டாடின், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். ஏதாவது இலை மருந்து போட்டால்தான் வீட்டில் பெரியவர்களுக்கு மனசு கேட்கும் என்றால், நாட்டு வாதுமை இலை இருக்கிறது. தெருவோரம் நிழலுக்கு வைத்திருக்கிறார்களே, அந்த மரம். பூச்சிமருந்து படாத இடத்தில் தானாக உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமாகும். அதிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து பூஞ்சையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஃபைட்டர் மீன் வளர்க்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். பெரிய வைத்தியம் என்று சொல்ல மாட்டேன், கெடுதல் இல்லை.

நீல மருந்து என்று கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். அதற்கு இடம் உண்டு, ஆனால் இப்போது இல்லை. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்த பிறகு, தனி டப்பாவில், மருத்துவர் சொல்கிற அளவில் போடலாம். பெரிய தொட்டியில் ஊற்றினால், ஃபில்டரில் குடியிருந்து அம்மோனியாவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியாக்கள் செத்துப்போகும். காயத்தை ஆற்றப் போய்த் தண்ணீரைக் கெடுத்த கதையாகும். பாட்டிலைத் திருப்பி லேபிளையும் படியுங்கள். மாலக்கைட் கிரீன், ஃபார்மலின், காப்பர் சல்பேட் என்று ஏதாவது இருந்தால் மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீனுக்குத் தாங்குகிற அளவை இது தாங்காது.

கல் உப்பைத் தொட்டியில் கைப்பிடியாகப் போட்டால் அது அங்கேயே கிடந்து நாள் முழுக்கத் தோலையும் செவுளையும் உறுத்திக்கொண்டிருக்கும். உப்புக் குளியல் என்பது வேறு. காயத்திலோ செவுளிலோ வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை படிந்தால் மட்டும், தனிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு என்று முழுக்கக் கரைத்து, பத்து நிமிடம் விட்டு எடுப்பது. உப்பில் வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது. பத்து நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அடுப்பில் வேலையாக இருந்தால் ஆரம்பிக்காதீர்கள். நடுவிலேயே துடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். உங்கள் வெள்ளைக்கு இப்போது பஞ்சு இல்லை என்றால் உப்பும் இல்லை.

பூஞ்சையையும் ஆறுகிற காயத்தையும் குழப்பிக்கொள்வது சகஜம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஆறுகிற தோல் வழுவழுவென்று ஒட்டியிருக்கும். பூஞ்சை என்றால் மெல்லிய நூல்கள் நீட்டிக்கொண்டு, டப்பாவை லேசாக அசைத்தால் தண்ணீரோடு ஆடும். வெளிச்சத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் காட்டாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். டப்பாவுக்கு மாற்றிய முதல் நாள் ஒன்றும் போடாதீர்கள். மறுநாளிலிருந்து மண்புழு. இதைவிடச் சிறந்த தீனி இல்லை. மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். நம் பக்கம் பெரும்பாலும் ஆப்பிரிக்க மண்புழுதான் வளர்க்கிறார்கள், அது சரிப்படும். சிவப்பாகச் சின்னதாக இன்னொரு வகை உண்டு, தொட்டால் மஞ்சளாக நாற்றமடிக்கிற நீர் விடும். கசப்பு தாங்காமல் ஆக்சலாட்டல் துப்பிவிடும். வயல் புழு வேண்டாம், எந்த மருந்து அடித்த மண் என்று தெரியாது. புழுவைக் கழுவி, ஆக்சலாட்டலின் தலை அகலத்துக்கு ஏற்ற மாதிரி நறுக்கி, முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து வாய்க்கு முன்னால் மெதுவாக அசையுங்கள். வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சித்தான் அது சாப்பிடும், முன்னங்கால் இல்லாதது அதற்குத் தடையே இல்லை. குட்டி என்பதால் தினம் ஒரு வேளை கொடுக்கலாம். அன்றைய தண்ணீரை மாற்றுவதற்குச் சற்று முன்பு கொடுத்தால், மிச்சமும் கழிவும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். கோழிக்கறி, மாட்டு ஈரல், உயிர்மீன் எதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை எது என்றால்: வெட்டுவாயில் எலும்பு நீட்டிக்கொண்டிருப்பது, காயம் வயிற்றிலோ கண்ணிலோ பட்டிருப்பது, கட்டையிலிருந்து சிவப்பு மேலே உடம்பை நோக்கிப் பரவுவது, சதை கறுத்து நாற்றமடிப்பது, உப்புக் குளியலுக்குப் பிறகும் பஞ்சு திரும்பி வருவது. செவுள்கள் முன்பக்கமாக வளைந்தே இருப்பது, வால் நுனி சுருண்டிருப்பது இரண்டும் அது அவதிப்படுகிறது என்பதற்கு அடையாளம். அப்போது முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீர் சரியாக இருந்தும் அப்படியே கிடந்தால், அல்லது ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை என்றால், தாமதிக்காதீர்கள். நாய், பூனை பார்க்கிற எல்லா மருத்துவமனையிலும் இதைப் பார்ப்பதில்லை. போன் செய்து, தவளை, ஆமை, மீன் போன்றவற்றைப் பார்க்கிறவரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆன்டிபயாடிக், வலி மருந்து எல்லாம் இதற்கும் உண்டு, எடை பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். வீட்டு மாத்திரையைப் பொடித்துப் போடுகிற வேலை வேண்டாம். எடுத்துப் போகும்போது மீன் கடையில் கட்டித் தருவது போல, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று விட்டு இறுக்கிக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, விடியற்காலைப் பயணமாகப் போங்கள்.

வெள்ளையை மட்டும் காப்பாற்றிவிட்டுக் கறுப்பை மறந்துவிடாதீர்கள். அதுவும் அதே 29 டிகிரியில்தான் இருக்கிறது. அதை வில்லனாக்கவும் வேண்டாம். ஆக்சலாட்டலுக்குக் கண்பார்வை மட்டம். பக்கத்தில் ஏதாவது அசைந்தால் உணவென்று நினைத்து லபக்கென்று கவ்வும், வந்தது புழுவா தம்பியின் காலா என்று பிறகுதான் தெரியும். அதுவும் குட்டிப் பருவத்தில், ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் கால் போவது வாடிக்கையான விஷயம். சக்கர் மீனும் யோக்கியமில்லை. இரவில் ஆக்சலாட்டலின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அதன் மேல் படிந்திருக்கும் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். செவுள் பிய்ந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். சக்கரை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது கடையில் திருப்பிக் கொடுங்கள். காவிரியிலோ பக்கத்து ஏரியிலோ மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது தென் அமெரிக்க மீன், நம் ஏரிகளில் ஏற்கெனவே பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

கலர் கல்லையும் அள்ளி எடுத்துவிடுங்கள். இரையோடு சேர்த்து உறிஞ்சும்போது கல்லும் உள்ளே போகும், குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். அடியில் ஒன்றுமே இல்லாமல் வெறும் கண்ணாடியாக இருப்பது இப்போதைக்கு உத்தமம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே. பெரிய தொட்டிக்கு, தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று வீசுகிற மாதிரி சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். உங்கள் ஊரின் வறண்ட காற்றில் சென்னையைவிட இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஏப்ரல், மே மாதத்தை விசிறியால் தாண்ட முடியாது. நேராகச் சொல்லிவிடுகிறேன், சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம், இல்லாமல் சமவெளியில் ஆக்சலாட்டல் வளர்க்க முடியாது. சில்லர் விலை, நீங்கள் தொட்டிக்கும் பிராணிக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகமாக இருக்கும். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து, ஃப்ரீசரில் நான்கைந்து பாட்டில் எப்போதும் உறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல்கள் தெரிகிற வரை வெள்ளை டப்பாவிலேயே இருக்கட்டும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம், ஆனால் தொட்டியில் அது மட்டும் இருக்க வேண்டும், அல்லது நடுவில் கண்ணாடித் தடுப்பு வேண்டும். பெரிதானதும் இரண்டையும் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கடிப்பது குறையும் என்பது சரிதான். ஆனால் ஒன்று ஆண், ஒன்று பெண்ணாக இருந்துவிட்டால் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். அந்தக் குட்டிகள் ஒன்றின் காலை ஒன்று கடிப்பதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் மகனுக்கு ஒரு கூடுதல் செய்தி. இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இருக்கும் ஆக்சலாட்டல்களில் பெரும்பகுதி, 1860-களில் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குப் போன 34 பிராணிகளின் வழிவந்தவை. அதில் ஆறு, 1864-இல் டுமேரில் என்ற விலங்கியலாளர் கைக்கு வந்தன. அந்த ஆறில் ஒன்று வெள்ளை. சொந்த ஊரான சோச்சிமில்கோவில் 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரம் என்று கணக்கிட்டார்கள், 2014-இல் அது 36-ஆகக் குறைந்துபோயிருந்தது.

இந்தப் பிராணி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பட்டியல்களில் உள்ள உயிருள்ள பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024-இல் வந்தன, பதிவு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில். கடைக்காரரிடம் பில்லும், எங்கிருந்து வந்த குட்டி என்பதற்கான தாளும் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் விட்டுவிடாதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டாலும் நடைமுறையைச் சொல்வார்கள்.

ஒரு வாரம் கழித்து டெஸ்ட் கிட்டில் வந்த எண்களையும், காலையிலும் இரவிலும் டப்பாவில் இருந்த வெப்பநிலையையும், கால் நுனியின் படத்தையும் அனுப்புங்கள். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம்.